நெடிய பிள்ளையும் கடைசி நிமிடங்களும்

நம் கிழக்குக் கரையிலே ஒரு பிள்ளை தன் வயதை மிஞ்சி உயர்ந்து வளர்ந்துவிட்டால், அவனுக்குச் சில உத்தியோகங்கள் உடனே வாய்த்துவிடுகின்றன. வகுப்பறையின் கடைசி வாங்கு அவனுக்கே உரியது. வீட்டு முகட்டிலே சிலந்தி வலை தட்டுவதும், கலியாண வீட்டிலே மின்குமிழ் மாட்டுவதும், கல்லூரி விழாவிலே தோரணங் கட்டுவதும் அவன் கடமைகள். தென்னம்பிள்ளை என்றும் கொக்கத்தடி என்றும் சூட்டப்படும் பெயர்களுக்குக் குறைவே இராது. இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே ஏற்கும் பிள்ளை, நாளடைவில் தோள்களைக் குறுக்கி முதுகைக் கூனி நடக்கப் பழகிக்கொள்கிறான். உயரம் ஒரு குற்றம்போல் அவனுக்குத் தோன்றிவிடுகிறது.

அத்தகைய பிள்ளையொருவனைக் கூடைப்பந்தாட்டத்தில் ஈராண்டுகள் பழக்கியதைப் பற்றியும், ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை அவன் கையில் ஒப்படைத்ததைப் பற்றியும் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். பந்தாட்டம் அறியாத தாய்மாரும் இதனை வாசிக்கலாம். பிள்ளை வளர்ப்போர் யாவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டென்றே எண்ணுகிறோம்.

கூடைப்பந்தாட்டம் வயதிலே இளையது. 1891 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலே, குளிரினால் வெளியே விளையாட இயலாதிருந்த மாணாக்கருக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இதனை ஆக்கினார். மண்டபத்தின் இரு புறத்திலும் பத்தடி உயரத்தில் பீச் பழக்கூடைகளைப் பொருத்தி, அவற்றுள் பந்தை இடுமாறு பணித்தார். கூடை போய் இரும்பு வளையம் வந்துவிட்டது. பத்தடி உயரம் மட்டும் இன்றும் மாறவில்லை. ஓர் ஆசிரியரின் இக்கட்டிலிருந்து பிறந்த விளையாட்டு என்பதனால் எமக்கு இதன்மேல் ஒரு தனிப் பற்று உண்டு.

எமது மாகாணத்தில் இதனை வேரூன்றச் செய்தவர்களுள் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியர் முதன்மையானவர். அருட்தந்தை யூஜின் ஹேபியர், திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டைப் பயிற்றினார். அருட்தந்தை வெபரின் பெயரை மட்டக்களப்பு மைதானம் இன்றும் தாங்கி நிற்கின்றது. மட்டக்களப்பு வாலிபர்கள் கூடைப்பந்தில் பெயர் பெற்றமைக்கு இத்தகையோரின் உழைப்பே அடிப்படை.

கல்முனைப் பகுதியிலோ உதைபந்தும் கிரிக்கெட்டுமே ஆட்சி செலுத்துகின்றன. நாம் கற்பிக்கும் கல்லூரியிலே கூடைப்பந்துக்கென இருப்பது வெடிப்பு விழுந்த சீமெந்துத் தளம் ஒன்றும், சற்றே சாய்ந்த வளையங்கள் இரண்டும். கணிதம் கற்பிக்கும் நாம், மாலை வேளைகளில் ஊதுகுழலைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது சம்பளத்துக்காக அன்று, ஆசைக்காக.

அந்தப் பிள்ளை மருதமுனையைச் சேர்ந்தவன். பத்தாம் தரத்தில் எம்மிடம் வந்தபோதே ஆறடி நான்கு அங்குல உயரம். தகப்பனார் நெசவாளர். மருதமுனைச் சாரனையும் சேலையையும் அறியாதவர் நம் நாட்டில் குறைவு. தலைமுறை தலைமுறையாகத் தறியிலே பிழைத்த குடும்பத்தில் பிறந்த இவனுக்கு, முழங்கால் இடிப்பதனால் தறிக்குழியிலே இருக்க முடியவில்லை. ஒருநாள் தகப்பனார் அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார்.

"சேர், இவன் தறிக்கும் ஆகல்ல, கடலுக்கும் ஆகல்ல. பந்துக்காவது ஆகுவானா எண்டு பாருங்க" என்றார்.

அக்காலத்தில் அவன் பந்துக்கும் ஆகுபவனாகத் தோன்றவில்லை. பந்து வந்தால் கைகள் பிந்தும். திரும்பச் சொன்னால் கால்கள் பின்னும். வளையத்தின் கீழே நிறுத்திவைத்து, மேலே வரும் பந்தைத் தட்டச் சொன்னால் போதுமென்று சிலர் எமக்கு ஆலோசனை கூறினர். அதனை நாம் ஏற்கவில்லை. உயரம் என்பது முதல், தொழில் அன்று. முதலை வைத்துத் தொழில் பழகாதவன், நாளை தன்னிலும் உயர்ந்த ஒருவன் எதிரே வந்தால் வெறுங்கையனாகி விடுவான்.

வளையத்தின் அருகே நின்று ஆடுபவனைப் பிள்ளைகள் 'சென்ரர்' என்று அழைப்பர். அவன் வேலை எளிதன்று. முதுகுக்குப் பின்னால் எதிரியைத் தாங்கிக்கொண்டு பந்தை வாங்க வேண்டும். வளையத்தின் முன்னுள்ள கட்டத்துள் மூன்று விநாடிக்கு மேல் தங்கலாகாது. ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றி, எந்தப் பக்கம் இடைவெளி என்பதைக் கண்ணாற் காண்பதற்கு முன் உடம்பால் உணர வேண்டும். எதிரணியினர் தம்மவரைத் தாண்டி உள்ளே பாய்ந்தால், கடைசிக் காவலும் அவனே. ஐந்து தவறுகள் எண்ணப்பட்டால் வெளியேற வேண்டியதும் பெரும்பாலும் அவனே.

இந்தத் தொழிலைப் பழக்குவதற்கு எமக்கு வழிகாட்டியது ஒரு பழைய கதை. 1942 ஆம் ஆண்டு சிக்காகோ நகரின் டி போல் பல்கலைக்கழகத்துக்கு ஜோர்ஜ் மைக்கன் என்ற மாணவர் வந்தார். உயரம் 208 சென்றிமீற்றர், தடித்த மூக்குக்கண்ணாடி. வேறொரு பல்கலைக்கழகத்தார் இவரை அசமந்தமானவர் என்று கண்டு திருப்பியனுப்பியிருந்தனர். டி போலின் இளம் பயிற்றுநர் ரே மேயர், இவரைக் கயிறு தாண்டச் செய்தார். காற்றோடு குத்துச்சண்டை பழகச் செய்தார். நடனமும் கற்கச் செய்தார். வளையத்தின் வலப்புறத்தில் இடக்கால் ஊன்றி எழும்பி வலக்கையால் ஒரு முறை, உடனே இடப்புறத்தில் வலக்கால் ஊன்றி எழும்பி இடக்கையால் ஒரு முறை என, நூற்றுக்கணக்கில் பந்தை இடச் செய்தார். அந்தப் பயிற்சி இன்றும் மைக்கன் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றது. அசமந்தமானவர் என்று கழிக்கப்பட்டவரின் ஆதிக்கம் பெருகவே, அவரை அடக்குவதற்காக 1951 ஆம் ஆண்டு வளையத்தின் முன்னுள்ள கட்டத்தையே ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக அகலமாக்கினார்கள்!

எமது பிள்ளைக்கும் அதனையே கொடுத்தோம். முதல் இரண்டு மாதங்கள் பார்ப்பவர்களுக்கு வேடிக்கை, அவனுக்கு வேதனை. ஒரு மாலையில் தகப்பனார் வேலியோரமாக நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மெல்ல வந்து, "சேர், இது தறி மிதிக்கிற வேலைதானே! ஒரு கால் மிதிச்சா நாடா அந்தப் பக்கம் போகும்; மத்தக் கால் மிதிச்சா இந்தப் பக்கம் வரும். கைய நெனச்சா கால் பிழைக்கும். கால நெனச்சா கை பிழைக்கும். ரெண்டையும் மறந்தாத்தான் துணி வரும். அவனுக்கு நான் சொல்லிக் குடுக்கிறன்" என்றார்.

அன்றிரவு தறியோசையின் தாளத்தை மகனுக்குக் கையால் தட்டிக் காட்டினாராம். எமது ஊதுகுழலால் இரண்டு மாதத்தில் வராத தாளம், அதன்பின் இரண்டு கிழமையில் வந்துவிட்டது. தறிக்கு ஆகாதவன் என்று தள்ளப்பட்ட பிள்ளையின் காலிலே தறி இருந்திருக்கிறது. அவன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதும் அதன் பின்னரே.

எட்டாத் தொலைவிலுள்ள மைக்கனை விட்டுவிட்டு எமக்கு அணித்தாயுள்ள ஒருவரையும் கூறுவோம். யாழ்ப்பாணத்திலே பிறந்து வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கற்ற தர்ஜினி சிவலிங்கம், உயரத்தில் மைக்கனுக்குச் சமமானவர். அவரும் 208 சென்றிமீற்றர். கூடைப்பந்தின் தங்கையான வலைப்பந்திலே இலங்கைக்காக ஆடி, 2009 ஆம் ஆண்டிலும் 2018 ஆம் ஆண்டிலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணிகளில் இடம்பெற்றார். 2019 ஆம் ஆண்டு லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், நாற்பது வயதளவில், 348 கோல்களைப் போட்டு அத்தொடரிலே யாவரையும் முந்தினார். உயரமான பெண் என்று வீதியில் திரும்பிப் பார்ப்பவர்கள், அந்த 348 இற்கும் பின்னால் எத்தனை ஆயிரம் மாலைப் பொழுதுகள் கரைந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இனிக் கடைசி நிமிடங்களுக்கு வருவோம். ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதிகளைக் கொண்டது. முதல் மூன்று பகுதிகளிலும் இளம் சென்ரரை ஆடவிட்டு, கடைசிப் பகுதியின் நடுவிலே அவனை வாங்கில் இருத்திவிடுவது பயிற்றுநர் பலரின் வழக்கம். அதற்குக் காரணங்களும் உண்டு. இளையவன் பதற்றத்தில் தவறிழைப்பான், களைத்தபின் மெதுவாவான், தண்ட எறிகையை விடுவான் என்று அறிந்து எதிரணியினர் வேண்டுமென்றே அவனை மறிப்பர். இவை யாவும் உண்மையே. எனினும், கடைசி நிமிடங்களை ஆடாத ஒருவன் கடைசி நிமிடங்களை ஆடக் கற்பது எங்ஙனம்? நீரில் இறங்குமுன் நீந்தக் கற்றுவிடு என்று கூறுவதற்கு இது ஒப்பாகும்.

ஆயினும், நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுவதும் அன்று. நாம் அதனைப் படியாக அளந்து கொடுத்தோம். முதலில் இரண்டாம் பகுதியில் மூன்று நிமிடம். அப்போது அவன் எத்தனை புள்ளி எடுத்தான் என்று நாம் பார்த்ததில்லை. வந்த பந்தில் எத்தனையைப் பிடித்தான், மறிக்கும்போது கைகளை நேரே உயர்த்தினானா கீழே அடித்தானா என்பவற்றையே குறித்துவந்தோம். பிடிப்பது பழகியதும் ஆறு நிமிடம்; கைகள் நேரானதும் பத்து நிமிடம். ஒவ்வொரு நாட் பயிற்சியின் முடிவிலும் ஒரு பொய்யாட்டம் வைப்போம். ஐந்து நிமிடமே மிச்சம், ஒரு புள்ளி பின்னால், அவனுக்கு ஏற்கெனவே நான்கு தவறுகள் என்று கற்பனை செய்துகொண்டு ஆடுவோம். மூச்சு வாங்கும் வேளையிலேயே தண்ட எறிகை எறியச் செய்வோம். தொடக்கத்தில் பத்தில் மூன்று விழுந்தது. ஓராண்டின் பின் ஆறு, சில நாளில் ஏழு. தவறியதற்காகத் தண்டனை ஓட்டம் கொடுக்கவில்லை. ஏற்கெனவே அஞ்சுகிற பிள்ளைக்கு வளையத்தையும் அஞ்சக் கற்பித்தல் ஆகாது.

அவ்வாண்டு நோன்பு மாதத்திலே அவனுக்கு ஒரு கவலை பிறந்தது. நோன்பிருந்தால் உடல் இளைத்து இடம் போய்விடுமோ என்று கேட்டான். பயிற்சியை நோன்பு திறப்பதற்கு முந்திய அரைமணி நேரமாகச் சுருக்கி, ஓட்டத்தை நிறுத்தி, எறிகையை மட்டும் வைத்துக்கொண்டோம். அத்துடன் ஹக்கீம் ஒலாஜுவனின் கதையையும் கூறினோம். நைஜீரியாவின் லேகோஸ் நகரிலே கைப்பந்தும் உதைபந்தும் ஆடித் திரிந்து, பதினைந்து வயதுக்குப் பின்னரே கூடைப்பந்தைத் தொட்டவர் அவர். உதைபந்தில் பழகிய கால்களே அவரைச் சென்ரர்களுள் ஒப்பற்றவராக்கின. 1995 ஆம் ஆண்டு பெப்ரவரியின் பெரும்பகுதி நோன்பாயிருந்தது. நீரும் அருந்தாது நோன்பு நோற்றுக்கொண்டே ஆடிய அவர், அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியில் அம்மாதத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவு செய்யப்பட்டார். இதைக் கேட்ட பிள்ளை ஒன்றும் கூறவில்லை. மறுநாள் மற்றவர்களுக்கு முன்னதாகவே தளத்துக்கு வந்திருந்தான்.

பதினோராந் தரத்திலே, மட்டக்களப்பு நகரக் கல்லூரியொன்று எம்மைச் சிநேகபூர்வப் போட்டிக்கு அழைத்தது. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் பயணம், திரும்ப இரவாகிவிடும். பிள்ளையை அனுப்பும்படி கேட்க நாமே மருதமுனைக்குச் சென்றோம். கேட்பதற்குச் சிறிய விடயந்தான். ஆனால் எமது கரையில் அது எக்காலத்திலும் சிறிய விடயமாக இருந்ததன்று. பிட்டும் தேங்காய்ப்பூவும்போல் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையிலே, 1990 ஆம் ஆண்டில் அடுத்த ஊர்ப் பாதையையே ஒருவரையொருவர் அஞ்சிய காலமும் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்து 15 ஆம் திகதி, மேலே கூறிய அருட்தந்தை ஹேபியர் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு இளைஞர் ஒருவருடன் புறப்பட்டார். இருவரும் ஊர் சேரவேயில்லை. காரைதீவிலே சிறு பிராயத்தினராயிருந்த நாமும், மருதமுனையில் அவ்வாறே இருந்த அப்பிள்ளையின் தாயாரும், அந்த இரவுகளை வெவ்வேறு ஊர்களில் ஒரே அச்சத்தோடு கழித்தவர்கள்.

தாயார் திரைச்சீலைக்குப் பின்னே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "உங்கட கையில தாறம் சேர். நீங்களே கொண்டு போய் நீங்களே வாசலடியில விடணும்" என்று மாத்திரம் கூறினார். அந்த ஒரு வாக்கியத்தின் பாரத்தை, எம் பட்டச் சான்றிதழை வாங்கியபோதும் நாம் உணர்ந்ததில்லை.

ஆட்டம் நெருக்கமாயிருந்தது. கடைசிப் பகுதியில் மூன்று நிமிடம் மிச்சமிருக்கையில் இரு பக்கமும் சமம். எமது பிள்ளைக்கு நான்கு தவறுகள் எண்ணப்பட்டிருந்தன. பொய்யாட்டத்தில் நாம் கற்பனை செய்ததே கண்முன் நிற்கின்றது! "நெடியவன எடுங்க சேர்!" என்று எம்முடன் வந்த பழைய மாணவர்கள் கூவினர். நாம் அவனை எடுக்கவில்லை.

இருபது விநாடி இருக்கையில் எமக்கு ஒரு புள்ளி குறைவு. பந்து அவனிடம் சென்றது. எறிய எழும்பியவனை எதிரணியினர் மறித்துத் தவறிழைக்க, இரண்டு தண்ட எறிகைகள் கிடைத்தன. முதலாவது வளையத்தின் விளிம்பிலே சுற்றி வெளியே விழுந்தது. அவன் எம்மைத் திரும்பிப் பார்த்தான். நாம் தலையை மட்டும் அசைத்தோம். இரண்டாவது நூலும் தொடாமல் இறங்கியது. சமம். எதிரணியின் சிறிய வேகமான பிள்ளையொருவன் கடைசி விநாடிகளில் உள்ளே பாய்ந்தான். எம் பிள்ளை பழகியபடியே கைகளை நேரே உயர்த்தி, தவறிழைக்காது நின்றான். பந்து பலகையிற் பட்டு, அந்த நீண்ட விரல்களுக்கு மேலாகச் சென்று வளையத்துள் விழுந்தது. இரண்டு புள்ளியால் தோற்றோம்.

திரும்பும் வழியில் பேருந்திலே ஒருவரும் பேசவில்லை. ஆரையம்பதி கழிந்து, களுவாஞ்சிக்குடி விளக்குகளும் கழிந்தபின், நாம் அவனருகில் சென்று அமர்ந்தோம். "தம்பி, ஒலாஜுவனின் கதையில் மிச்சம் உண்டு" என்று தொடங்கினோம். 1983 ஆம் ஆண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான இறுதியாட்டத்தில், அவர் களத்தில் நின்றுகொண்டிருக்கவே, கடைசி விநாடியில் எதிரணி வீரர் பந்தை வளையத்துள் திணித்து 54–52 என வென்றார். அதே ஒலாஜுவன் 1994 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தொழில்முறை இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், கடைசி விநாடியில் எதிரணியினர் எறிந்த பந்தை விரல் நுனியால் தொட்டுத் திசை திருப்பி, 86–84 எனத் தம் அணியைக் காத்தார். அடுத்த ஆட்டத்தில் கிண்ணமும் வந்தது. இரண்டுக்கும் இடையே பதினோராண்டு. "அந்தப் பதினோராண்டில் அவரை யாரும் கடைசி நிமிடத்தில் வெளியே எடுத்திருந்தால் 1994 ஏது?" என்றோம். அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "சேர், அடுத்த ஆட்டத்திலயும் என்ன வைப்பீங்களா?" என்றான். வைப்போம் என்றோம். இரவு ஒன்பது மணிக்கு வாசலடியிலே கொண்டுபோய் விட்டோம். தாயார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

ஊரிலே பேச்சு எழாமலில்லை. இரக்கம் பார்த்து ஆட்டத்தை இழந்தோம் என்றனர் சிலர். இவன் எந்த ஊர்ப் பிள்ளை, நாம் எந்த ஊர் வாத்தியார் என்று கணக்குப் பார்த்தோரும் இரு பக்கத்திலும் உண்டு. அவர்களுக்கு எம் குறிப்புப் புத்தகத்தைக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. ஒரு பிள்ளையை நம்புவதற்கு ஊராரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

ஐந்து கிழமையின் பின் மற்றோர் ஆட்டம், மீண்டும் சமம், மீண்டும் கடைசி நிமிடம். "பந்த எனக்குத் தரச் சொல்லுங்க சேர்" என்று அவனே கேட்டான். பந்து சென்றதும் எதிரணியினர் இருவர் அவனை நெருக்கினர். அவன் எறியவில்லை. ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றி, உள்ளே ஓடிவந்த எம் மிகச் சிறிய ஆட்டக்காரனின் கையிலே பந்தை வைத்தான். வென்றோம். புள்ளிப் புத்தகத்தில் அந்த வெற்றி சிறியவன் பெயரிலேயே இருக்கின்றது. எம் நெடிய பிள்ளைக்கு அதனால் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதைப் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஏன் கூறுகிறோம் எனில், நம் வீடுகளிலும் இந்தக் கடைசி நிமிடங்கள் உண்டு. மகளுக்குச் சமையலைப் பழக்குவோம். விருந்தாளி வந்தால் அகப்பையை நாமே வாங்கிக்கொள்வோம். மகனைக் கடையில் இருத்துவோம். பெரிய கொள்வனவுகாரர் வந்தால் அவனை எழுப்பிவிடுவோம். பின்னர், பிள்ளைக்குப் பொறுப்பு இல்லையென்று குறைபட்டுக்கொள்வோம். பிள்ளைகளுக்குத் தோல்வி பெரிய காயமன்று, அது ஆறிவிடும். உன்னால் ஆகாதென்று வேளை பார்த்து வெளியே எடுக்கப்படுவதே ஆறாதிருப்பது. அளந்து பழக்குங்கள், நன்றாகப் பழக்குங்கள். பழக்கிய பின்னர், மணி ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் கைகட்டி நின்று பாருங்கள். அவ்வாறு நிற்பது இலகுவன்று என்பதை நாம் அறிவோம்.